அச்சமும் எதிர்வினையும்

ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் வானம் கறுக்குந்தோறும் முகப்பேர்வாழ் அன்பர் பலர் உறக்கம் இழக்கின்றனர். 2015 திசம்பரிற் சென்னையைச் சூழ்ந்த பெருவெள்ளத்தின் நினைவு அவரை விட்டு இன்னும் நீங்கிற்றிலது. யாமும் அதற்கு விலக்கல்லேம். அன்று பழம்பதிப்பு நூல்களை மாடிக்கேற்றிய எம் கை இன்று சிறுதூறலுக்கே நடுங்குகின்றது.

‘எல்லாம் ஊழ், அஞ்சற்க’ என்பார் உளர். அஃது அரைவிடையே. சித்தாந்தம் வினையை மூன்றாக வகுத்தது வறிதே அன்று. வெள்ளம் வருதலும் அதனால் உயிர் துன்பம் நுகர்தலும் பிராரத்தம். நுகருங்கால் யான் எனது என்னும் முனைப்பொடு எழும் விருப்பு வெறுப்புக்களே ஆகாமியத்துக்கு வித்து. ஆகாமியத்துக்கு எதிர்வினை என்றும் பெயருண்டு. நேர்ந்ததற்கு மனம் காட்டும் மாற்றத்தை இக்காலத்தார் அச்சொல்லாலேயே வழங்குதல் வியப்பே. நெஞ்சு திடுக்கிடுதல் நம் வயத்ததன்று. அதன்மேல் இரவெல்லாம் கற்பனையை அடுக்குதல் பெரும்பாலும் நாமே ஈட்டுவது. காப்புத் தேடுதல் வேறு, கலங்குதல் வேறு.

நீற்றறையில் ஏழு நாள் இருந்தும் நாவுக்கரசர் ஈசன் திருவடி நிழலையே எண்ணியிருந்தார். அப்பெருநிலை எமக்கு ஏது? சென்ற ஆண்டு மழை வலுத்த ஓர் இரவில் வாயிற்கால்வாயின் அடைப்பை நீக்குவித்தோம், நூல்களை மேலேற்றினோம், செயற்பாலன முடிந்தபின் ஐந்தெழுத்தை எண்ணிக் கிடந்தோம். அச்சம் வந்தது. அதனை விரட்டவுமில்லை, அதனோடு உரையாடவுமில்லை. கடையாமத்தில் கண்ணயர்ந்தோம். எம் துணைவியாரோ நள்ளிரவிலேயே உறங்கிவிட்டனர். அவர் சித்தியார் ஓதியவர் அல்லர்.