கடைசி வரியை நீக்கிவிட்டேன்

ஒன்பது ஆண்டுகளாக எனக்கு வலி இருக்கிறது. கழுத்தில் தொடங்கித் தோளுக்கு இறங்கும். சில நாட்களில் கரும்பலகையில் ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் கை கனத்துவிடும். ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தம் பார்த்தார்கள். "ஒண்ணும் இல்லைம்மா, எல்லாம் நார்மல்" என்றார் மருத்துவர். ஆறுதலாகத்தான் சொன்னார். 'நீ பொய் சொல்கிறாய்' என்றே எனக்குக் கேட்டது.

பிறகு வேறொரு மருத்துவர் இதற்கு ஃபைப்ரோமயால்ஜியா என்று பெயர் சொன்னார். பெண்களிடமே அதிகம் கண்டறியப்படும் நோய். தசையில் காயம் இருக்காது. வலியைக் கையாளும் நரம்பு மண்டலமே அளவுக்கு மீறிக் கூர்மையாகிவிடுகிறது. திருடன் போன பிறகும் குரைப்பை நிறுத்தாத நாய், இப்போது இலை விழுந்தாலும் குரைக்கிறது. திருடன் இல்லை என்பதால் குரைப்பு பொய்யாகிவிடாது.

இதைக் கவிதையாக எழுதினேன். தமிழில் வலி என்றால் வலிமையும்தான் என்று முடித்திருந்தேன். தமிழ் படித்தவளுக்கு அந்தச் சொல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. திருக்குறளின் 'வலியறிதல்' அதிகாரத்தில் வலி என்பது வலிமைதானே. வாசித்த இடங்களிலெல்லாம் அந்த வரிக்குக் கைதட்டல் கிடைத்தது.

ஒருநாள் வகுப்பு முடிந்ததும் முதுகலை மாணவி ஒருத்தி காத்திருந்தாள். மாதவிடாய் நாட்களில் அவளால் எழுந்து நிற்கவே முடியாது. புரிந்துகொள்ளட்டும் என்று என் கவிதையை அம்மாவிடம் காட்டியிருக்கிறாள். "உங்க மேடம் வலியையே பலமாக்கிட்டாங்க, நீ படுத்தே கெடக்கிறியேன்னு சொல்லிட்டாங்க மேடம்" என்றாள். அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. அதுதான் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை.

தன் வலியைக் கலையாக்குகிறவளுக்கு அடுத்தவள் வலியிடம் ஏதும் கடமை உண்டா?

அகப்பாடல்களில் நோய் என்றால் பெரும்பாலும் காதல்நோய். வளை கழலும், தோள் மெலியும், பசலை படரும். தலைவன் வந்தால் தீரும். பதினாறு ஆண்டுகளாக ரசித்துப் பாடம் நடத்துகிறேன். பெண்ணின் வலிக்கு ஒரு காரணம் வேண்டும், ஓர் அழகு வேண்டும், ஒரு முடிவு வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் அந்த ரசனையோடு சேர்ந்தே எனக்குள் வந்திருக்க வேண்டும். காரணம் புலப்படாத, தீராத, அழகில்லாத வலிக்கு நம் கவிதையில் துறை இல்லை. துறை இல்லாததால் நான் அதை வலிமையாக்கினேன்.

மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோ 1925இல் பேருந்து விபத்தில் சிக்கினார். வாழ்நாள் முழுதும் வலியோடு இருந்தார். 1944இல் அவர் வரைந்த 'உடைந்த தூண்' ஓவியத்தில் முதுகெலும்பின் இடத்தில் விரிசல்விட்ட தூண் நிற்கிறது. உடலெங்கும் ஆணிகள், கன்னத்தில் கண்ணீர். அந்த முகம் நமக்குப் பாடம் எதுவும் சொல்வதில்லை. இன்று அவர் முகத்தைப் பைகளிலும் சட்டைகளிலும் துணிவின் சின்னமாக அச்சிடுகிறோம். பூக்களை எடுத்துக்கொள்கிறோம், ஆணிகளை விட்டுவிடுகிறோம். அவருக்கு நாம் செய்ததை என் வலிக்கு நானே செய்திருந்தேன்.

வலியில் பலம் கண்டவர்கள் இருக்கிறார்கள். அதை அவரவர்தான் சொல்ல வேண்டும். நான் அதை எல்லோருக்கும் விதியாக்கிவிட்டேன். ஒருவர் வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்று, வலி ஆய்வுக்கான சர்வதேச சங்கம் 2020இல் தன் வரையறைக் குறிப்பில் எழுதியது. மருத்துவமே இவ்வளவு தூரம் வந்திருக்கும்போது, கவிதை ஒரு பெண்ணை மேலும் நிமிர்ந்து நிற்கச் சொல்லலாமா?

கடைசி வரியை நீக்கிவிட்டேன். சாக்பீஸைக் கீழே வைக்கும் இடத்திலேயே கவிதை இப்போது நின்றுவிடுகிறது. வாசித்து முடித்தால், முடிந்துவிட்டதா என்று சிலர் பார்க்கிறார்கள். இல்லை, முடியவில்லை.