போங்காட்டம்

ஜவ்வாது மலைக்கு சைக்கிளில் ஏறிப் பழகியவர்களிடம் மின்சார சைக்கிள் பற்றிப் பேச்செடுத்துப் பாருங்கள். "மோட்டார் வெச்சு ஏறுறதெல்லாம் போங்காட்டம்ங்க" என்று ஒருவராவது சொல்வார். கிண்டலாக எடுத்துக்கொண்டு கடந்துவிடலாம். ஆனால் போங்கு என்பது ஒரு குற்றச்சாட்டு. ஏமாற்று நடந்தது என்றால் ஏமாந்தவர் யார் என்றும் சொல்லியாக வேண்டும்.

வழக்கமான பதில் ஒன்று உண்டு: கியரையும் ஒரு காலத்தில் இப்படித்தான் எதிர்த்தார்கள். உண்மைதான். டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் ஓடிக்கொண்டே கியர் மாற்ற எல்லா வீரர்களுக்கும் 1937-ல்தான் அனுமதி கிடைத்தது. ஆனால் இந்த ஒப்பீடு பாதிதான் சரி. கியர் சக்தியைக் கூட்டுவதில்லை. அதே வேலையைச் சின்னச் சின்னத் தவணைகளாகப் பிரித்துத் தருகிறது. மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகள் செய்வதும் அதைத்தான். மோட்டாரோ வெளியிலிருந்து சக்தியைக் கொண்டுவருகிறது. ஆளும் வண்டியும் சேர்ந்து 90 கிலோ என்றால், 500 மீட்டர் உயரம் ஏற, காற்றையும் உராய்வையும் விட்டுவிட்டாலும், சுமார் 122 வாட்-மணி வேண்டும். வீட்டு மீட்டரில் ஒரு யூனிட்டில் எட்டில் ஒரு பங்கு. அதில் பாதியை பேட்டரி தந்தால், பாதி மலையை நான் ஏறவில்லை.

சரி, வெளிச்சக்தி என்பதாலேயே அது போங்கு ஆகிவிடுமா? பின்காற்று தள்ளும்போது யாரும் அப்படிச் சொல்வதில்லையே. 2016-ல் பெல்ஜியத்தில் நடந்த சைக்ளோகிராஸ் உலகப் போட்டியில், ஃபெம்கே வான் டென் ட்ரிஷ் என்ற வீராங்கனைக்கான சைக்கிளில் மறைத்து வைத்த மோட்டார் சிக்கியது. அவருக்கு 6 ஆண்டு தடை. அது போங்குதான், உடன் ஓட்டுபவர்களோடு அங்கே ஓர் ஒப்பந்தம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஜமுனாமரத்தூருக்கு ஏறுகிறவர் யாரோடும் அப்படி ஒப்பந்தம் போடவில்லை.

இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாகச் சுமையோடு ஏறி இறங்கியவர்கள். பஸ் வந்தபோது அதில் ஏறுவது போங்கா என்று அவர்களில் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். கஷ்டத்துக்குப் புனிதம் ஏற்றுவது, வேண்டும்போது மட்டும் கஷ்டப்பட வசதியுள்ளவர்களின் பழக்கம். நம்மில் பலர் அடிவாரம் வரை சைக்கிளைக் காரில் கொண்டுவந்து இறக்குகிறோம். அந்தப் பெட்ரோல் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

ஆனாலும் மனதில் இருக்கும் உறுத்தல் பொய்யில்லை. தானாகத் தேர்ந்துகொண்ட கஷ்டத்துக்கும் மதிப்பு உண்டு. மூச்சு முட்ட ஏறும்போது 'என்னால முடியுமா?' என்ற கேள்விக்கு ஒரு விடை கிடைக்கிறது. அந்த விடையைத் தேடி வந்தவர் மோட்டாரைப் போட்டுக்கொண்டால் ஏமாறுபவர் அவரேதான். முட்டி தேய்ந்த பிறகும் மலையைப் பார்க்க ஆசைப்பட்டு வந்தவருக்கு அந்தக் கேள்வியே கிடையாது. அவருக்கு மோட்டார் மூக்குக்கண்ணாடி மாதிரி.

நாம் இவர்களில் யார் என்று தெரிந்துகொள்ள எளிய சோதனை ஒன்று இருக்கிறது. ஸ்ட்ராவாவில் மின்சார சைக்கிளுக்கென்று தனி வகை உண்டு. அதைத் தொட விரல் தயங்குகிறதா? மேலே டீக்கடையில் "மிதிச்சேவா வந்தீங்க?" என்று ஒருவர் வியந்தால், "பாதி பேட்டரிங்க" என்று சட்டென்று சொல்ல வருகிறதா? வந்தால் பிரச்சினையே இல்லை, டீயைக் குடிக்கலாம். வராவிட்டால், நமக்கு வேண்டியிருந்தது அந்த வியப்புதான். போங்கு அங்கேதான் தொடங்குகிறது.