பஞ்சாங்கத்துக்கு முன்னால் நிலா

2025 மார்ச் 29 அமாவாசை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை செகந்திராபாத்தில் உகாதி. அன்று மாலையே பிறை தெரிந்து, திங்கட்கிழமை ரம்ஜான் பெருநாள். இரண்டு பண்டிகைக்கும் நிலா ஒன்றுதான். பத்மாராவ் நகர்த் தமிழ் வீடுகளிலோ வருடம் பிறக்க ஏப்ரல் 14 ஆனது. எது சரியான கணக்கு என்று குழந்தை கேட்டால், ‘நம்முடையதுதான்’ என்று முடித்துவிடுவது சுலபம். அப்படிச் சொல்லிக் கொடுப்பது வானத்தையும் மறைக்கிறது, பக்தியையும் குறுக்குகிறது என்பது என் கட்சி. ஒரு அமாவாசையிலிருந்து அடுத்ததற்குச் சராசரி 29.53 நாள். பன்னிரண்டு மாதம் கூட்டினால் 354. பருவம் ஒரு சுற்று வர 365 சொச்சம். இடிக்கிற பதினொரு நாளை என்ன செய்வது என்பதற்குத்தான் ஒவ்வொரு நாட்காட்டியும் ஒரு வழி கண்டிருக்கிறது. தெலுங்குப் பஞ்சாங்கம் மூன்று வருடத்துக்குள் ஒரு அதிக மாதம் சேர்த்து உகாதியை வசந்தத்திலேயே கட்டி வைக்கிறது. இஸ்லாமிய நாட்காட்டி பிறையை விடவில்லை, பருவத்தை விட்டது. நோன்பு ஏறத்தாழ 33 வருடத்தில் வெயில், மழை, குளிர் எல்லாவற்றையும் சுற்றி வருகிறது. நாமோ மாதத்தைச் சூரியனிடம் ஒப்படைத்துவிட்டு, கந்த சஷ்டியையும் தீபாவளியையும் நிலாவிடமே வைத்துக்கொண்டோம்.

பண்டிகை நாள் மனிதர் செய்த ஏற்பாடு என்று சின்ன வயதிலேயே சொன்னால் பக்தி கரைந்துவிடாதா என்பார்கள். பிறைத் தகவலை விசாரித்துப் பெருநாளை அறிவிப்பது ஒரு கமிட்டி என்று முஸ்லிம் பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரியும். அதனால் அவர்கள் வீட்டு நோன்பு ஒன்றும் லேசாகிவிடவில்லை. இதைவிடக் கடினமான ஆட்சேபம் ஒன்று உண்டு: எல்லாமே ஏற்பாடு என்றால் எந்த நாளையும் பௌர்ணமி என்று சொல்லிக்கொள்ளலாமே? முடியாது. ஏரிக்கரைச் சாலையான டேங்க் பண்டில் நிற்க வைத்தால் குழந்தையே இதற்குப் பதில் சொல்லும். ஏரி மேற்குப் பக்கம். மூன்றாம் பிறை, சூரியன் இறங்கிய திசையிலேயே தண்ணீருக்கு மேல் தெரியும். பௌர்ணமி மாலையில் ஏரிக்கு முதுகைக் காட்டினால்தான் நிலா. பூமியின் நிழல் விழுந்து நிலா தேய்கிறது என்று பெரியவர்களே பலர் நம்புகிறார்கள். சூரியனுக்கு எதிர்ப்பக்கம் விழும் நிழல், சூரியன் பக்கமே நிற்கும் பிறையின் மேல் எப்படிப் படும்? வானம் இப்படி நம் பஞ்சாங்கத்தையும் சோதிக்கும். சித்திரை முதல் நாள் ஒரு காலத்தில், இரவும் பகலும் சமமாகும் நாளை ஒட்டி வந்தது. இன்று 24 நாள் தள்ளி வருகிறது. அறுபது எழுபது வருடத்துக்கு ஒரு நாள் இன்னும் தள்ளும். வானியற்பியலாளர் மேகநாத் சாஹா தலைமையிலான குழு இதைச் சுட்டிக்காட்டித் திருத்தம் சொன்னது. அதன்படி 1957 மார்ச் 22 அன்று தேசிய நாட்காட்டி வந்தது. அரசிதழில் அந்த நாட்காட்டியின் தேதி இருக்கிறது. கோயில்களில் பழைய கணக்குத்தான்.