கேமராவைக் கீழே வைத்தவர்

ஜார்ஜ் ரொமேரோவின் ‘டைரி ஆஃப் த டெட்’ படத்தை மூன்று முறை பார்த்திருக்கிறேன். நல்ல படம் என்பதால் அல்ல. முதல் முறை ஜோம்பிகளுக்காகப் பார்த்தேன். இரண்டாம் முறை, ஏன் இவ்வளவு எரிச்சல் வந்தது என்று தெரிந்துகொள்ளப் பார்த்தேன். மூன்றாம் முறைக்கு வேறு காரணம் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

2007-இல் வந்த படம். சினிமா படிக்கும் மாணவர்கள் சிலர் காட்டுக்குள் ஒரு மம்மி பேய்ப்படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இறந்தவர்கள் எழுந்து நடப்பதாகச் செய்தி வருகிறது. வண்டியில் ஏறி வீட்டை நோக்கிக் கிளம்புகிறார்கள். இயக்குநர் கனவில் இருக்கும் ஜேசன் வழியெல்லாம் கேமராவை அணைக்காமல் எடுத்துக்கொண்டே போகிறான். அவன் எடுத்ததை அவனுடைய காதலி டெப்ரா பிறகு தொகுத்திருக்கிறாள். அதைத்தான் நாம் பார்க்கிறோம்.

யாரோ எடுத்துவைத்த காணொளி நம் கைக்குக் கிடைத்ததுபோலப் பாவனை செய்யும் இவ்வகைப் படங்களை ‘ஃபவுண்ட் ஃபுட்டேஜ்’ என்பார்கள். 1999-இல் வந்த ‘த பிளேர் விட்ச் புராஜெக்ட்’ இந்த வகையை ஊரறியச் செய்தது. இதில் ஒரு சிக்கல் உண்டு. என்ன நடந்தாலும் கேமரா ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நிஜத்தில் எவனும் எப்போதோ அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடியிருப்பான். ‘டேய், ஏன்டா இன்னும் எடுத்துக்கிட்டு இருக்க?’ என்று நாம் கேட்பதற்குள் ஒவ்வொரு இயக்குநரும் ஒரு சாக்கைத் தயார் செய்தாக வேண்டும்.

ரொமேரோ சாக்கு தேடவில்லை. அந்தக் கேள்வியையே படமாக எடுத்தார். அதற்காக அவரை மதிக்கிறேன். ஓர் ஆஸ்பத்திரிக் காட்சி. கேமராவுக்கு மின்சாரம் ஏற்ற வேண்டியிருப்பதால் ஜேசன் சுவரோரம் நின்றுவிடுகிறான். நண்பர்கள் உள்ளே ஆபத்தில் இருக்கிறார்கள். கம்பியின் நீளத்துக்கு மேல் அவனால் நகர முடியவில்லை. முளையில் கட்டிய மாடு மாதிரி நிற்கிறான். படத்தின் மொத்த விஷயமும் அந்தக் கம்பியில் இருக்கிறது.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. டெப்ராவின் பின்னணிக் குரல் ஒவ்வொரு காட்சிக்கும் பொழிப்புரை சொல்கிறது. நாம் பார்த்துப் பார்த்தே மரத்துப்போகிறோம் என்கிறது. கடைசியில் இரண்டு பேர் ஒரு பெண் ஜோம்பியை மரத்தில் கட்டித் தொங்கவிட்டு விளையாட்டாகச் சுடுகிறார்கள். பார்க்கும்போதே வயிற்றைப் பிசைகிறது. உடனே டெப்ரா வந்து, மனிதர்கள் காப்பாற்றப்படத் தகுதியானவர்கள்தானா என்று கேட்கிறாள். அந்தக் கேள்வி எனக்கே வந்திருக்கும், தங்கச்சி. கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.

இதே ரொமேரோ 1968-இல் ‘நைட் ஆஃப் த லிவிங் டெட்’ எடுத்தவர். அதில் பென் என்கிற கறுப்பின இளைஞன் இரவெல்லாம் போராடித் தப்பிக்கிறான். காலையில் ஜோம்பி வேட்டைக்கு வந்தவர்கள் அவனையும் ஜோம்பி என்று நினைத்துச் சுட்டுவிடுகிறார்கள். பிறகு புள்ளிபுள்ளியான அசையாப் படங்கள் வரிசையாக வருகின்றன. கொக்கிகளோடு வந்து உடலைத் தூக்குகிறார்கள். என்ன யோசிக்க வேண்டும் என்று யாரும் நமக்குச் சொல்லவில்லை.

‘டைரி’யின் இரண்டாவது குறை இன்னும் பெரியது. பயமுறுத்துவதற்காக இசை சேர்த்திருக்கிறேன் என்று டெப்ரா முதலிலேயே சொல்லிவிடுகிறாள். ஒப்புக்கொண்டுவிட்டால் தப்பு இல்லாமல் போய்விடுமா? ரசித்துப் பார்க்கிறாயே என்று நம்மைக் குற்றம் சாட்டும் படம், ஒவ்வொரு சாவையும் ரசிக்கிற மாதிரிதான் அமைத்திருக்கிறது. காது கேளாத ஆமிஷ் விவசாயி ஒருவர், தன்னைக் கடித்த ஜோம்பியைக் கொல்லத் தன் தலைவழியாகவே அரிவாளைச் செலுத்துகிறார். அங்கே கைதட்டல் விழும் என்று இயக்குநருக்குத் தெரியாதா என்ன?

மூன்றாவது குறை ரொமேரோவுடையது மட்டுமல்ல, வடிவத்தினுடையது. மம்மி வேடத்திலேயே ஜோம்பியாகிவிட்ட நண்பன் டிரேசியைத் துரத்துகிறான். உதவி செய்யச் சொல்லி அவள் கத்துகிறாள். ஜேசன் எடுத்துக்கொண்டிருக்கிறான். அவன் கேமராவைப் போட்டுவிட்டு ஓடியிருந்தால் நமக்குத் தெரிவது புல்தரை மட்டும்தான். அவன் செய்த நல்ல காரியம் படத்தில் இருக்காது. உதவாமல் நிற்பவனை மட்டுமே காட்டத் தெரிந்த ஒரு வடிவத்தை வைத்துக்கொண்டு, மனிதர்கள் உதவுவதில்லை என்று தீர்ப்புச் சொல்வது எப்படி நியாயம்?

படம் எடுப்பதே தப்பு என்றும் சொல்ல முடியாது. அதே 2007-இல் வந்த ஸ்பானியப் படம் ‘ரெக்’. பார்சலோனாவில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தை உள்ளே ஆட்கள் இருக்கும்போதே அதிகாரிகள் அடைத்துவிடுகிறார்கள். காரணம் சொல்வதில்லை. தொலைக்காட்சி நிருபர் ஆஞ்செலாவும் ஒளிப்பதிவாளர் பாப்லோவும் உள்ளே மாட்டிக்கொள்கிறார்கள். அங்கே கேமராதான் சாட்சி. விளக்குகள் அணைந்தபின் அதுதான் கண்ணும். ஜேசனும் தான் ஒரு சாட்சி என்றுதான் சொல்கிறான். தொலைக்காட்சி பொய் சொல்கிறது, நான் உண்மையை ஏற்றினால் நாலு பேர் பிழைப்பார்கள் என்கிறான். பொய்யான வாதம் இல்லை. ஆனால், டிரேசி கத்தும்போது அந்த நாலு பேரையா அவன் நினைத்துக்கொண்டிருந்தான்?

இனி மூன்றாம் முறைக்கு வருகிறேன்.

ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது, எனக்கு முன்னால் ஒரு லோரி ஒரு மோட்டாரை இடித்துத் தள்ளியது. ஓட்டிவந்தவன் பள்ளிக்கூடப் பையன் வயசு. காடியை ஓரம் கட்டி இறங்கினேன். கைப்பேசியை எடுத்தேன். ஆம்புலன்சுக்கு அழைக்கத்தான் எடுத்தேன் என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். 48 விநாடி காணொளி இருக்கிறது.

ஒரு மாதம் கழித்துப் பையனின் அக்கா அழைத்தார். லோரிக்காரர் தன்மேல் தப்பில்லை என்கிறாராம். “அண்ணே, நீங்க வீடியோ எடுத்தீங்கன்னு சொன்னாங்க, இருக்கா?” அனுப்பினேன். லோரி இரண்டு தடத்திலும் கால் வைத்து நிற்பது அதில் தெளிவாகத் தெரியும். கேஸுக்கு உதவியாக இருந்தது என்று பிறகு நன்றி சொன்னார். தம்பி இப்போது நடக்கிறானாம்.

மெய்யியலாளர் பெர்னார்ட் வில்லியம்ஸ் ஓர் ஓவியனை உதாரணமாக எடுத்துக்கொள்வார். குடும்பத்தை விட்டுவிட்டு வரையப் போகிறான். அவன் செய்தது சரியா என்பது, பின்னால் அவன் வரைவது நன்றாக அமைகிறதா என்பதைப் பொறுத்ததா? அப்படியானால் அதிர்ஷ்டமல்லவா தீர்ப்புச் சொல்கிறது? எனக்கு அந்த அதிர்ஷ்டம் அடித்தது. என் காணொளி பயன்பட்டது. ஆனால் அதை எடுத்தபோது எனக்குக் கேஸும் தெரியாது, அக்காவும் தெரியாது. நான் வெறுமனே எடுத்துக்கொண்டிருந்தேன்.

அனுப்புவதற்கு முன் ஒருதடவை போட்டுப் பார்த்தேன். அதில் நான் இல்லை, என் குரல் மட்டும் இருந்தது. “ஆம்புலன்ஸ் கூப்ட்டாச்சா?” என்று யாரோ கேட்கிறார்கள். “கூப்ட்டாங்க, கூப்ட்டாங்க” என்கிறேன். யார் கூப்பிட்டார்கள் என்று எனக்குத் தெரியாது.

ஓரத்தில் இரண்டு மூன்று விநாடி ஒரு மாக்சிக் தெரிகிறார். சாலையோரம் பழம் விற்பவர். பையன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு துண்டை அவன் காலில் அழுத்திப் பிடித்திருக்கிறார். லோரி முழுசாகத் தெரிய வேண்டும் என்று நான் கைப்பேசியைத் திருப்பியபோது அவர் சட்டத்துக்கு வெளியே போய்விடுகிறார். அதற்குப் பிறகு அவர் காணொளியில் இல்லை. அவர் அங்கேயேதான் இருந்தார்.

அன்றிரவுதான் ‘டைரி’யை மூன்றாம் முறை பார்த்தேன். குறைகள் எல்லாம் அப்படியே இருந்தன. டெப்ராவின் குரல் இன்னும் எரிச்சலாகத்தான் இருந்தது. ஜேசனைப் பார்த்து ‘டேய், கேமராவக் கீழ போடுறா’ என்று கத்த மட்டும் எனக்கு வாய் வரவில்லை.