மௌனமும் ஒரு நடத்தையே

கல்லூரிகள் திறக்கும் பருவத்தில், புதிதாகச் சேரும் மாணவரின் கையில் விதிமுறைகள் அடங்கிய சிறு கையேடு ஒன்று தரப்படுகிறது. வருகைப் பதிவு இத்தனை விழுக்காடு வேண்டும். விடுதிக்கு இத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும். தேர்வில் துண்டுத்தாள் வைத்திருக்கலாகாது. உடை இவ்வாறு அமைய வேண்டும் என்று அது நிரல்படச் சொல்கிறது. இவையனைத்தும் வேண்டியவையே. ஆயினும், இவ்விதிகள் பெரும்பாலும் ஒரு மாணவர் தாம் என்ன செய்யலாகாது என்பதையே கூறுகின்றன. தம் கண்ணெதிரே பிறிதொருவர் தீங்கு இழைக்கும்போது அவர் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றி அவை அதிகம் பேசுவதில்லை. தீமை செய்யாதிருப்பதால் மட்டுமே ஒருவர் நல்ல மாணவர் ஆகிவிடுகிறாரா? தீமையைக் கண்டும் வாளாவிருப்பவருக்கு அதில் பங்கே இல்லையா? இவ்வினாவை நாம் சற்று நின்று சிந்திக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

இதற்கு நம்மிடையே நீண்ட நாள் வேரோடியிருக்கும் 'ராகிங்' என்னும் கொடுமையையே எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அது தொடங்கும்போது விளையாட்டாகவே தொடங்குகிறது. பெயரைக் கேட்பார்கள், ஊரைக் கேட்பார்கள், பாடச் சொல்வார்கள், வணக்கம் வைக்கச் சொல்வார்கள். பிறகு தம் ரெக்கார்டு நோட்டுகளை எழுதித் தரச் சொல்வார்கள், கடைக்கு அனுப்புவார்கள், பணம் கேட்பார்கள். அடுத்து இரவில் அறைக்கு அழைப்பார்கள். எந்தப் படியில் விளையாட்டு முடிந்து வதை தொடங்கியது என்பதைச் செய்பவரும் அறிவதில்லை. பார்த்து நிற்பவரும் அறிவதில்லை. அனுபவிப்பவர் மட்டும் அறிகிறார். அவரோ பேசும் நிலையில் இல்லை.

1996ஆம் ஆண்டு நவம்பர் மாதம் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் மூத்த மாணவர் ஒருவரால் கொலை செய்யப்பட்ட செய்தி தமிழகத்தையே உலுக்கியது. அதன் விளைவாகவே தமிழ்நாட்டில் ராகிங்கைத் தடை செய்யும் சட்டம் 1997இல் நிறைவேறியது. ராகிங்கில் ஈடுபடுவோருக்கு இரண்டு ஆண்டுகள் வரை சிறையும், பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் அது விதித்தது. அண்டை நாடான இலங்கையும் 1998இல் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. சிதம்பரக் கொலை வழக்கோ, கீழமை நீதிமன்றத்தின் தண்டனை, உயர் நீதிமன்றத்தின் விடுதலை ஆகியவற்றைக் கடந்து, 2011இல் உச்ச நீதிமன்றத்தில்தான் குற்றவாளி என்ற இறுதித் தீர்ப்பை எட்டியது. ஓர் உயிருக்கான நீதி பதினைந்து ஆண்டுகள் நடந்தது எனலாம்.

2009இல் இமாசலப் பிரதேசத்தில் மீண்டும் ஒரு மருத்துவ மாணவர் ராகிங்கிற்குப் பலியானார். அவ்வாண்டே பல்கலைக்கழக மானியக் குழு நாடு முழுமைக்குமான ஒழுங்குமுறைகளை வெளியிட்டது. சேர்க்கையின்போது மாணவரும் பெற்றோரும் ஓர் உறுதிமொழிப் பத்திரம் அளிக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. ஆயிரம் படிவங்களுக்கு நடுவே படித்துப் பாராமல் கையொப்பமிடப்படும் அப்பத்திரத்தில் ஆழ்ந்த பொருளுடைய ஒரு தொடர் உண்டு. ராகிங்கில் ஈடுபடமாட்டேன் என்பதோடு மாணவர் நின்றுவிடுவதில்லை. செயலால் மட்டுமன்றி, செய்யத் தவறுவதாலும் அதற்குத் துணைபோகமாட்டேன் என்றும் உறுதி கூறுகிறார். ஆகவே, நாம் மேலே எழுப்பிய வினாவிற்குச் சட்டம் ஏற்கெனவே ஒரு விடை கூறியிருக்கிறது: மௌனமும் ஒரு நடத்தையே. ஆனால், எந்த மௌனம்?

எல்லா மௌனமும் ஒன்றன்று. அடுத்த அடி தன்மேல் விழுமோ என்று நடுங்கி வாய்மூடி இருப்பவரின் மௌனம் ஒன்று. எனக்கென்ன வந்தது, நாளை எனக்குத் தேர்வு இருக்கிறது என்று கதவைச் சாத்திக்கொள்பவரின் மௌனம் மற்றொன்று. சுற்றி நின்று சிரித்துவிட்டு, விசாரணை வரும்போது மட்டும் எதையும் பார்க்கவில்லை என்பவரின் மௌனம் மூன்றாவது. முதலாவது இரக்கத்திற்குரியது, இரண்டாவது கண்டனத்திற்குரியது, மூன்றாவது குற்றத்தின் ஒரு பகுதியே. ஏனெனில், பார்வையாளர் இல்லாத இடத்தில் ராகிங் பெரும்பாலும் நடப்பதில்லை. வதைப்பவர் தேடுவது பிறரது பாராட்டையே. அந்தச் சிரிப்பு இல்லையெனில் அவருக்கு அரங்கே இல்லை.

2024 பிப்ரவரியில் கேரளத்தின் வயநாடு மாவட்டத்திலுள்ள பூக்கோடு கால்நடை மருத்துவக் கல்லூரி விடுதியில் ஒரு மாணவர் இறந்து கிடந்தார். அதற்கு முந்தைய நாள்களில் சக மாணவர்கள் அவரைத் தாக்கினர் என்பது வழக்கு. அச்செய்தியைப் படித்தோரின் நெஞ்சை மிகவும் உறுத்தியது, விடுதியில் இருந்த பலர் கண்டும் கேட்டும் இருந்த நிலையில் உரிய நேரத்தில் ஒரு சொல்கூட வெளியே வரவில்லை என்ற குற்றச்சாட்டே. ஒரே ஒரு தொலைபேசி அழைப்பு வந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணாதவர் இலர்.

இங்கே மாணவர்கள் ஒரு மறுப்பை முன்வைப்பர். உடன் படிப்பவனைக் காட்டிக்கொடுப்பது துரோகம் அன்றோ என்பர். இந்த மறுப்பை நாம் எளிதாகத் தள்ளிவிடலாகாது. ஒருவரை ஒருவர் விட்டுக்கொடாத பண்பு மாணவப் பருவத்தின் அழகுகளுள் ஒன்று. ஆனால், காட்டிக்கொடுத்தல் என்பது யாது? நம்பி வந்தவரை, நம் ஆதாயத்திற்காக, அவருக்குத் தீங்கு செய்வோர் கையில் ஒப்படைப்பதே காட்டிக்கொடுத்தல். அவ்வாறாயின், நம் கல்லூரியை நம்பி வந்தவர் யார்? பெட்டியைத் தூக்கிக்கொண்டு அறியாத ஊருக்கு வந்து நிற்கும் முதலாண்டு மாணவர் அல்லரோ? அவரை வதைப்பவர் கையில் விட்டுவிட்டு வாய்மூடி நிற்பதுதான் அச்சொல்லுக்கு மிகவும் பொருந்துகிறது. நண்பர் எல்லை கடக்கும்போது இடித்துத் திருத்துவதும் நட்பின் கடமையே என வள்ளுவர் வகுத்திருக்கிறார். முதல் நாளே தோளைப் பற்றி, 'போதும், விடு' என்று சொல்லும் நண்பன் இருந்திருந்தால், சிறைக்குச் சென்ற எத்தனையோ மாணவர்கள் மருத்துவர்களாகவும் பொறியாளர்களாகவும் ஆகியிருப்பர். அந்த ஒரு சொல் இருவரையும் காக்கிறது.

மற்றொரு மறுப்பும் உண்டு. இது வழிவழி வந்த மரபு. நாங்களும் பட்டோம், அதனால் கூச்சம் நீங்கியது என்பர். கூச்சம் நீங்குவதற்கு அச்சம் மருந்தாகாது என்பது ஒருபுறமிருக்க, இவ்வாதத்தின் உள்ளே ஒரு விந்தையான கணக்கு இருக்கிறது. கடன் கொடுத்தவனிடம் கேட்க அஞ்சி, அறியாத மூன்றாமவனிடம் வட்டியோடு வசூலிக்கும் கணக்கு அது. இழிவுபடுத்தியவர் பட்டம் பெற்றுப் போய்விட்டார். இழிவுபட்டவர் அதை இவ்வாண்டு வந்தவர்மேல் இறக்கி வைக்கிறார். ஆனால், இதே கணக்கில் ஒரு நம்பிக்கையும் உண்டு. கல்லூரியின் மரபு கல்வெட்டில் பொறிக்கப்பட்டதன்று. ஒவ்வோர் ஆண்டு மாணவரும் அடுத்த ஆண்டினருக்குக் கைமாற்றித் தந்தால்தான் அது வாழும். ஒரே ஓர் ஆண்டு மாணவர்கள், 'எங்களோடு இது முடியட்டும்' என்று ஒன்றுகூடித் தீர்மானித்தால், சில ஆண்டுகளில் அதை நினைவில் கொண்டவரே அக்கல்லூரியில் இரார். தலைமுறைகள் போராடியும் அசையாத தீமைகள் பல உள்ள நாட்டில், நான்காண்டுகளில் அழிக்கக்கூடிய தீமை இது.

இனி, தண்டனையைப் பற்றியும் ஒரு சொல். குற்றம் செய்தவர் இன்னாரென அறிய முடியாதபோது மாணவர் கூட்டத்தையே தண்டிக்கலாம் என்கின்றன 2009ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகள். மௌனத்தை உடைக்கும் நோக்கம் அதில் இருப்பது விளங்குகிறது. எனினும், நாம் இதை முழுமனத்தோடு ஏற்க இயலவில்லை. குற்றம் ஆளுக்குரியது, தண்டனையும் ஆளுக்குரியதாகவே இருத்தல் வேண்டும். அஞ்சி ஒடுங்கியவரையும் சிரித்து மகிழ்ந்தவரையும் ஒரே தட்டில் நிறுத்தும் தண்டனை, மூன்று மௌனங்களுக்கும் இடையிலுள்ள வேற்றுமையை அழித்துவிடுகிறது. அதனினும் மேலாக, அச்சத்தால் பேசாதவரை மற்றோர் அச்சத்தால் பேசவைப்பது ஒழுக்கப் பயிற்சி ஆகாது.

அவ்வாறாயின் செய்ய வேண்டியது யாது? பேசுமாறு கேட்பதற்கு முன், பேசுபவருக்குப் பாதுகாப்பு உண்டு என்பதை நிறுவனம் மெய்ப்பிக்க வேண்டும். முறையிட்ட மாணவரின் பெயர் மாலைக்குள் விடுதி முழுவதும் பரவும் கல்லூரியில் துணிவை எதிர்பார்ப்பது நியாயமன்று. முறையீடு வந்தும் நடவடிக்கை எடாத கல்வி நிறுவனத் தலைவரைக் குற்றத்திற்கு உடந்தையானவராகவே கருத வேண்டும் என்கிறது மகாராஷ்டிரத்தின் 1999ஆம் ஆண்டுச் சட்டம். இது மிகவும் நேரியது. மாணவரின் மௌனத்தை வினவும் முன், நிறுவனம் தன் மௌனத்தை வினவிக்கொள்ளட்டும். கல்லூரியின் நற்பெயருக்கு இழுக்கு வந்துவிடுமே என்று மூடி மறைக்கும் நிர்வாகத்தைக் கண்டு வளரும் மாணவர், மூடி மறைப்பதையே அங்குக் கற்கிறார்.

பதினெட்டு வயது நிரம்பியோர் வாக்களிக்கலாம் என்று இந்நாடு 1989 முதல் நம்பி வந்திருக்கிறது. ஆட்சியைத் தேர்ந்தெடுக்கும் தகுதி வாய்ந்தவரென நாடு மதிக்கும் ஒருவர், பக்கத்து அறையில் எழும் அழுகுரலைக் குறித்துத் தாமே ஒரு முடிவெடுக்கத் தகுதியற்றவராக இருக்க முடியாது. அவரிடம் நாம் வீரத்தைக் கேட்கவில்லை. தனித்து எதிர்த்து நிற்க இயலாதவர், வேறு இருவரைச் சேர்த்துக்கொள்ளலாம். விடுதிக் காப்பாளரிடம் சொல்லலாம். அதுவும் இயலாதெனின், அழுதவரின் அறைக்கதவைத் தட்டி, 'சாப்பிட்டாயா தம்பி?' என்று கேட்கலாம். அக்கேள்வி சிறியதுதான். ஆனால், தனக்கு நேர்ந்ததை ஒருவராவது கண்டார், அது தவறென்று எண்ணினார் என்பதை அந்த இளைஞர் அறிந்துகொள்கிறார். ஊருக்குத் திரும்பிவிடலாமா, உயிரையே விட்டுவிடலாமா என்று தவிக்கும் இரவில், அவ்வளவு அறிந்திருப்பதே ஒருவரை விடியும்வரை தாங்கி நிற்கக்கூடும்.