யாரிடம் சொல்வது

என் மகளுக்கு எட்டு வயதில் டைப் 1 சர்க்கரை நோய் என்று தெரிந்தபோது, முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டில் முதலில் எழுந்த பேச்சு இன்சுலினைப் பற்றியதல்ல. "பொம்பளப் புள்ள, வெளியில மூச்சு விடாதே" என்றார் மாமியார். வயிற்றில் சுமந்தபோது நான் தின்ற இனிப்பில் தொடங்கி விசாரணை நடந்தது. உடலின் எதிர்ப்பு சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுவதால் வரும் நோய் இது. இனிப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை. சொன்னால் யார் கேட்டார்கள்? தினமும் நான்கு ஊசி, விரலில் குத்திப் பரிசோதனை, இரவு இரண்டு மணிக்கு எழுந்து பார்ப்பது எல்லாம் என் வேலையாயிற்று. அவள் அப்பாவுக்கு ஊசி என்றால் பயமாம். எனக்கும்தான் பயம்.

நானும் ஓராண்டு மறைத்தேன். மாசி மகத்தன்று சித்தியோடு வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் போனாள். ஊசி போட்டுவிட்டுச் சரியாகச் சாப்பிடாமல், வெயிலில் வெகுநேரம் நடந்திருக்கிறாள். வியர்த்து, கை நடுங்கியது. வெயில் என்று நினைத்துச் சித்தி தண்ணீர் கொடுத்திருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் பார்த்தால் சர்க்கரை 58. எழுபதுக்குக் கீழே போனாலே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். அது சித்திக்கு எப்படித் தெரியும்? நாங்கள்தான் சொல்லவில்லையே.

மறுநாளே எல்லோரிடமும் சொன்னேன். பெருமையாகக்கூட இருந்தது. ஒரு வாரம் கழித்து மகள் கேட்டாள்: "என்னைக் கேக்காம ஏம்மா சொன்ன?"

எலிசபெத் ஹியூஸ் நினைவுக்கு வந்தாள். அமெரிக்க அமைச்சரின் மகள். 1922இல் டொராண்டோவில் பான்டிங்கிடம் வந்தபோது எடை 20 கிலோ அளவுதான். இன்சுலினால் பிழைத்து, மணந்து, பிள்ளை பெற்று, 1981 வரை வாழ்ந்தாள், நோயைப் பெரும்பாலோரிடம் மறைத்தபடியே. முன்பு அதைக் கோழைத்தனம் என்று நினைத்திருந்தேன். இப்போது அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. மறைத்தது அவள். என் வீட்டில் மறைக்கச் சொன்னது மாமியார், சொல்லித் தீர்த்தது நான். இரண்டு முறையும் மகளை யாரும் கேட்கவில்லை.

யாருக்குத் தெரியலாம் என்று அவளையே எழுதச் சொன்னேன். வகுப்பு டீச்சர், ஒரு தோழி, சித்தி. வேன் ஓட்டும் அண்ணனுக்கு வேண்டாமாம். தினமும் முக்கால் மணி நேரம் அவர் பொறுப்பில் இருக்கிறாள். அதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அவரிடம் சொல்லப்போகிறேன் என்று அவளிடம் முதலில் சொல்லிவிட்டுத்தான் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.