கருவி ஒடுங்கலும் உயிரின் நிலையும்



உயிர் இச்சை, ஞானம், கிரியை என்னும் மூவகை ஆற்றலும் உடையதாயினும், அநாதியே ஆணவமலத்தால் மறைப்புண்டு, மாயையின் காரியமாகிய தனுகரணங்களைப் பெற்றவழியே அவை சிறிது விளங்கப்பெறும் என்பது நம் சித்தாந்த நூல்களின் துணிபு. அன்பர்கள் நன்கறிந்த இதனை ஈண்டு மீளவும் எடுத்துரைப்பது, அத்துணிபு ஒரு நோயாளரின் கட்டிலருகே என்னைச் சோதித்தமையால் என்க. கருவிகள் ஒவ்வொன்றாகக் கழலும் நோயொன்று உண்டு. அது முதிர்ந்தவழி உயிர் எந்நிலையில் நிற்கின்றது? அது பெற்றிருந்த பக்குவமும் உடன் தேய்கின்றதோ?

மாமல்லபுரத்திலே கற்சிற்பத் தொழில் செய்துவந்த நண்பரொருவர் எனக்கு நாற்பதாண்டுப் பழக்கமுடையவர். யான் செங்கற்பட்டிலிருந்து புறப்பட்டுத் திருக்கழுக்குன்றத்தில் வேதகிரிப்பெருமானைத் தொழுது, பின் கடற்கரை சென்று அவரைக் காண்பது வழக்கம். பன்னிரண்டாண்டுகட்கு முன்னர் அவர் எழுதுங் கடிதங்களில் எழுத்துக்கள் வரவரச் சிறுத்து எறும்புச்சாரை போலாயின. வலக்கை சும்மாயிருக்கும்போது நடுங்கும். உளியைப் பற்றினால் நடுக்கம் அடங்கும். பின்னர் முகம் மாறிற்று. யான் சென்றால் முறுவல் இல்லை, கண்ணிமைப்பும் அரிது, குரலும் தாழ்ந்துவிட்டது. செல்வமும் பெயரும் வந்தமையால் என்னை மதியாது விட்டார் எனக் கருதி, இரண்டாண்டு யான் அவர் வாயில் மிதிக்கவில்லை. முகத்தசைகள் இறுகி உள்ளத்துணர்ச்சி வெளிப்படாதொழிவதும் இந்நோயின் குறிகளுள் ஒன்றென்பதைப் பின்னரே அறிந்தேன். புறத்தைக் கண்டு அகத்தைத் துணிந்த என் அறிவின் சிறுமையை இன்றும் நினைந்து நாணுகின்றேன்.

இந்நோயை நம் மருத்துவ நூலார் நடுக்குவாதம் என்றும், வடமொழியாளர் கம்பவாதம் என்றும் கூறுவர். 1817இல் இலண்டன் மருத்துவர் சேம்சு பார்க்கின்சன் என்பார் இதனைத் தனியே ஆராய்ந்து சிறு நூலொன்று வெளியிட்டார். அவர் பெயராலேயே இன்று வழங்குகின்றது. மூளையின் அடிப்பகுதியிலே கருநிறமுடைய ஓரிடத்தில் உள்ள உயிரணுக்கள் மெல்ல மடிய, அவை சுரக்கும் தோபமின் என்னும் பொருள் குறைந்து, நினைத்தபடி உடம்பை இயக்கும் வன்மை தளர்கின்றது. அப்பொருளாக மூளையில் மாறவல்ல இலெவோதோபாவே இன்றும் தலையாய மருந்து. நம் பூனைக்காலி விதையிலிருந்து அதனை 1937இலேயே சென்னையில் தாமோதரன், இராமசாமி என்னும் இருவர் பிரித்தெடுத்தனர். ஆயினும் அது இந்நோய்க்கு மருந்தாதல் 1960களிலேதான் வெளிப்பட்டது. மருந்து நம்மிடத்தே இருந்தும் அதன் பயன் அறியாதிருந்த காலம் ஒன்றுண்டு என்பதை எண்ணுந்தோறும் வியப்பே உண்டாகின்றது. விதையைத் தாமே பொடித்துண்பது தகாது. அளவு மிகினும் குறையினும் கேடாம்.

இம்மருந்து நோயை மாற்றுவதன்று. இயக்கத்தைச் சில நாழிகை மீட்டுத்தருவது. ஆலயத்திற் காலபூசை தவறாமை போல இதற்கும் காலந் தவறலாகாது. பருப்பு, பால் முதலிய புரதவுணவோடு உட்கொண்டால் பலர்க்கு அதன் வேகம் குன்றும். திடீரென நிறுத்துவது உயிர்க்கே இடையூறாம்.

நடுப்பருவத்தில் நண்பர் வாயிற்படி கண்டவிடத்துக் கால் தரையோடு ஒட்டினாற்போல நின்றுவிடுவார். அப்போது அவர் மனைவியார் தாளமிட்டுத் தேவாரம் ஓத, அடி பெயர்ந்துவிடும். தாளவொலியும் தரையிலிட்ட கோடும் இவ்வாறு உதவுமென மருத்துவரும் கூறுவர். எனக்கு அது திருமுறையின் அருமையாகவே தோன்றிற்று. இரண்டும் ஒன்றற்கொன்று பகையல்ல.

அக்காலத்தேதான் அவர் மெலிந்த குரலில், “புலவரே, திருநீற்றை நெற்றிக்குக் கொண்டுசெல்லக் கை மறுக்கின்றது. அஞ்செழுத்தைச் சொல்ல நா எழவில்லை. நாளை மனமும் போய்விடுமாம். மூன்றும் போனபின் யான் எதனைக்கொண்டு வழிபடுவேன்?” என வினவினார். யான் விரைந்து விடை கூறிற்றிலேன்.

உள்ளே உயிர் தெளிந்தே இருக்கின்றது, உடல்தான் கெட்டது என்று கூறிவிடுதல் எளிது. பார்க்கின்சனாரும் புலனும் அறிவும் பழுதுறா என்றே கருதினார். பின்வந்தோர் கண்டது வேறு: முதிர்நிலையிற் பலர்க்கு நினைவு மங்கும், இல்லாத உருவங்கள் கண்முன் தோன்றும். நம் நூல்களும் அவ்வெளிய விடைக்கு இடங்கொடா. கலாதத்துவம் கிரியையையும், வித்தை ஞானத்தையும், அராகம் இச்சையையும் விளக்குவன. அவை தொழிற்படாவழி உயிர் கேவலத்தின் இருளில் அழுந்தும். (மூளையின் இன்ன கூறே இன்ன தத்துவம் எனப் பொருத்திக்காட்ட முயல்வார் இக்காலத்து உளர். மூளை தூலவுடம்பின் உறுப்பு, தத்துவங்களோ சூக்குமம். தூலம் அவற்றிற்கு நிலைக்களன் என்பதே அமையும்.)

எனினும், அவ்விருள் சகலத்திடை நிகழும் கேவலமேயன்றி மலபரிபாகம் பின்வாங்கியதன்று. நாடோறும் உறக்கத்தில் கரணங்கள் ஒடுங்குகின்றன. அதனால் முன்னாட் கற்றவன் மறுநாட் கல்லாதவனாகின்றானோ? உளி மழுங்கியவழிச் சிற்பியின் தொழில் வெளிப்படாது. ஆயினும் அவன் பயின்ற பயிற்சி உளியின்கண் இருந்ததன்று. கனிந்தது மீளக் காயாகாது. இன்னும், நாம் இறைவனை அறிதற்குக் கருவி வேண்டும். அவன் நம்மை அறிதற்கு நம் கருவி வேண்டா. ஒருவன் பிறவி முழுதும் செய்த வழிபாட்டைக் கொண்டவன், இறுதியில் அவன் நா எழாமையைக் குற்றமாக எண்ணுவானோ? இதனை அடுத்த திங்களிற் சென்று உரைத்தேன். முகம் அசையவில்லை, கண்ணில் மட்டும் நீர் வந்தது. இம்முறை அதனைப் பிறழ உணர்ந்திலேன் என நம்புகின்றேன்.

உறவினரொருவர் ஒருநாள் அவர் செவி கேட்கவே, “எல்லாம் முன்செய்த வினை” என்றார். பிராரத்தம் உடலூழாய் வந்து நுகர்ந்தொழியும் என்பது உண்மையே. ஆனால் அது தான் நோயுற்றபோது தனக்குத் தான் சொல்லிக்கொள்ளற்குரியது. பிறன் நோய்க்கண் அதனைச் சொல்வோன் தன்னை நடுவனாக்கிக் கொள்கின்றான். திருவொற்றியூரிற் சூளுறவு பிழைத்துக் கண்ணிழந்த நம்பியாரூரர்க்கும் திருவெண்பாக்கத்திலே பெருமான் ஊன்றுகோல் அளித்தருளினான். பிழை இன்னதெனத் தெரிந்தவிடத்தும் முதலில் வந்தது கோல். பிழை யாதெனவே தெரியாத நாம் கோல் கொடாது வினை பேசுவது எந்நூல்வழி?

இப்பொழுது நோய் கடைநிலையிலே உள்ளது. அவர் கட்டிலினின்றும் எழுவதில்லை. விழுங்குதல் அரிதாயிற்று, நீர் மூச்சுக்குழலிற் புகுந்து நுரையீரல் அழற்சி இருமுறை வந்தது. நிமிர்த்தி இருத்தி, முகவாயைத் தாழ்த்திக் கொழுத்த கஞ்சியைச் சிறுகச் சிறுக ஊட்டுகின்றனர். படுக்கைப்புண் வாராமை காக்க இரவும் பகலும் புரட்டிக் கிடத்துகின்றனர். அம்மையார் மூன்றாண்டாக ஒருசேர உறங்கியதில்லை. சிவனடியார்க்குத் தொண்டு என நாம் மேடையிற் பேசுவது இதுதான். பேசுவோர் எவரும் ஓரிரவு அவரை மாற்றிவிட முன்வந்ததைக் கண்டிலேன். என்னையும் சேர்த்தே கூறுகின்றேன்.

அவ்வம்மையார், “அண்ணா, வயிற்றிற் குழாயிட்டு உணவு செலுத்தலாமென்கின்றனர். வேண்டாவென்றால் பட்டினியிட்ட பாவம் வருமோ?” என வினவினார். நூலில் இதற்கு நேர்விடை யான் கண்டதில்லை. நினைவும் தேய்ந்த முதிர்நிலையிற் குழாயுணவு வாழ்நாளை நீட்டுவதாகவோ அழற்சியைத் தடுப்பதாகவோ காணப்படவில்லை என்றார் மருத்துவர். நண்பரோ பேச்சு உள்ளபோதே குழாய் வேண்டாவென்று கூறியிருந்தார். இவ்வாறு முன்னரே எழுதிவைக்கும் விருப்பத்தை 2018இல் உச்சநீதிமன்றம் ஏற்றது. 2023இல் அதன் நடைமுறையையும் எளிதாக்கிற்று. உயிரைப் போக்குதல் வேறு. போகும் உயிரை உடம்பிற் கட்டிவைக்காமை வேறு. கையால் ஊட்டுவதை அவர் ஏற்குமளவும் ஊட்டுக, ஏற்காதபோது வற்புறுத்தற்க. அது பட்டினியன்று என்றேன். பிழையாயின் அப்பழி என்னைச் சாரட்டும் என்றும் கூறினேன்.

சென்ற பிரதோடத்தன்று போயிருந்தேன். என்னை அவர் அறிந்துகொள்ளவில்லை. சுவரில் எவரோ நிற்பதாக நோக்கிக்கொண்டிருந்தார். திருநீற்றை அவர் நெற்றியில் யானே இட்டுத் திருக்கழுக்குன்றத் திருப்பதிகத்தை மெல்ல ஓதினேன். ஓதி முடியுமுன்னரே மாத்திரைக்கு நேரமாயிற்றென்று அம்மையார் எழுந்து வந்தார். அவரை நிமிர்த்தி இருத்த யானும் ஒரு தோளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன்.